குழாயை மூடுவதா, கிணற்றை மூடுவதா? காம்ப்ளிமென்ட் மருந்தை எங்கே செலுத்துவது என்று ஓர் ஒப்பீடு

நியூ ஜெர்சியில் மகள் வீட்டோடு இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 79. இரண்டு கண்ணிலும் மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, தேய்ந்துகொண்டு வருகிறது. வலது கண்ணில் நடுப்பார்வை போயே போய்விட்டது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை என்பார். இடது கண்ணில் தேய்ந்த திட்டு நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, இன்னும் தொடவில்லை. விழித்திரை மருத்துவர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்: மாதம் ஒரு ஊசி, இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி, அல்லது ஊசியே இல்லாமல் கண்காணிப்பது. ஊசி என்றால் கண்ணுக்குள்ளேயே. யோசித்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கா போன் செய்து விவரமெல்லாம் சொல்லி முடித்ததும் பெரியம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"ஏன்டா, அந்த மருந்து ரத்தத்துல ஓடுற ஏதோ புரதத்தைத் தடுக்குதாம். ரத்தம்தான் உடம்பு பூரா ஓடுதே, கையில போட்டா ஆகாதா? கண்ணுல எதுக்குக் குத்தணும்?"

நான் மருத்துவன் இல்லை. நோயெதிர்ப்பியல் படித்துவிட்டு அதைப் பற்றி எழுதிப் பிழைப்பவன். ஆனால் பெரியம்மா கேட்ட கேள்வியைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மருந்து நிறுவனங்கள் அதற்குத் தவறான பதில் சொல்லிப் பெரிய பரிசோதனைகளில் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கின்றன. அவருக்குப் போனில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காம்ப்ளிமென்ட் எங்கிருந்து வருகிறது?

காம்ப்ளிமென்ட் என்பது 30க்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். நம் பாடநூல்களில் நிரப்புப் புரதங்கள் என்றிருக்கும். ஆன்டிபாடிக்குத் துணையாக நின்று கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தின் சீரத்தில் இருக்கிறது, சூடாக்கினால் அது செயலிழந்துவிடுகிறது என்று 1890களில் காட்டியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல்ஸ் போர்டே. 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கூட்டத்தின் நடுநாயகம் சி3. ஒரு லிட்டர் ரத்தநீரில் ஏறத்தாழ 1 கிராம் இருக்கும். ரத்தப் புரதங்களில் இது கணிசமான அளவு. சி3 வெட்டுப்பட்டால் அதன் பெரிய துண்டு கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, விழுங்கும் செல்களுக்கு 'இதைத் தின்னு' என்று காட்டிக்கொடுக்கும். அடுத்து சி5 வெட்டுப்படும். அதில் ஒரு துண்டு அழற்சியைக் கிளப்பும். இன்னொரு துண்டு மற்ற சில புரதங்களோடு சேர்ந்து செல் சவ்வில் ஓட்டை போடும். நம் சொந்தச் செல்லில் ஓட்டை விழாமல் இருக்கக் காவலர்கள் உண்டு. ஃபேக்டர் ஹெச் ரத்தத்தில் மிதந்து திரியும். சிடி46, சிடி55, சிடி59 ஆகியவை செல்லின் மேலேயே பதிந்திருக்கும். காவல் தளர்ந்த இடத்தில்தான் நோய்.

இவற்றையெல்லாம் தயாரிப்பது கல்லீரல் என்றுதான் நானும் கல்லூரியில் படித்தேன். அது பொய்யில்லை. 1969ல் கல்லீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் ரத்தத்தில் இருந்த சி3 வகை, சிகிச்சைக்குப் பின் தானம் கொடுத்தவரின் வகையாக மாறிப்போனதைக் கண்டார்கள். ரத்தத்தில் ஓடும் சி3யில் பெரும்பங்கு கல்லீரலின் சரக்கு என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் எல்லாமே கல்லீரலில் தயாராவதில்லை. இதே கூட்டத்தைச் சேர்ந்த சி1கியூ பெரும்பாலும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் வகையிலிருந்து வருகிறது. ஃபேக்டர் டி கொழுப்புத் திசுவின் தயாரிப்பு; அதற்கு அடிப்சின் என்றே இன்னொரு பெயர் இருக்கிறது. இது தவிர, சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள், விழித்திரையின் நிறமிச் செல்கள், நுரையீரலின் மேற்பரப்புச் செல்கள், மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா என்று பலரும் தங்கள் தேவைக்குத் தாங்களே கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறார்கள். அழற்சி தொடங்கினால் இந்த உள்ளூர் உற்பத்தி பல மடங்கு ஏறும்.

பெரியம்மாவுக்கு இதை விளக்க மாயவரம் வீடு கைகொடுத்தது. அங்கே முனிசிபாலிட்டி குழாயும் இருந்தது, கொல்லையில் கிணறும் இருந்தது. தெருமுனையில் வால்வை மூடினால் குழாயில் தண்ணீர் நிற்கும். கொல்லை நனைந்துகொண்டிருந்தால் அது கிணற்று வேலை. "அப்போ என் கண்ணுல கிணறு இருக்குன்றியா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு என்ன ஆதாரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல கதை ஒன்று கிடைத்திருக்கும்.

கல்லீரலை மாற்றியும் மாறாத கண்

2005ல் பல ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தன. ஃபேக்டர் ஹெச் மரபணுவில் ஒரு சின்ன எழுத்து மாற்றம், அதாவது புரதத்தின் 402ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின், இருப்பவர்களுக்கு முதுமையில் மாக்குலா தேயும் ஆபத்து நன்றாகவே கூடுகிறது. கண் நோய்க்குக் காம்ப்ளிமென்ட் காவலர் காரணமா என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சரி, எந்த ஃபேக்டர் ஹெச்? கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் அனுப்புவதா, கண் தானே தயாரிப்பதா? மனிதர்களில் இதைச் சோதிப்பது எப்படி? இங்கிலாந்தில் ஒரு குழு அழகான வழி கண்டுபிடித்தது. கல்லீரல் மாற்றிக்கொண்டு 5 ஆண்டுக்கு மேலான நோயாளிகள் 200க்கும் மேற்பட்டோரின் கண்களைப் பார்த்தார்கள். இவர்களின் ரத்தத்தில் ஓடுவது தானம் கொடுத்தவரின் ஃபேக்டர் ஹெச். கண்ணுக்குள் இருப்பதோ அவரவர் பிறவி மரபணு. 2013ல் வெளியான முடிவு: மாக்குலா தேய்மானம் நோயாளியின் சொந்த மரபணுவோடு பொருந்தியது, தானம் கொடுத்தவரின் மரபணுவோடு பொருந்தவில்லை. ரத்தத்தில் வேறு சரக்கு ஓடியும் கண் தன் பழைய வழியிலேயே போயிருக்கிறது.

இதற்கு உடற்கூறு விளக்கமும் உண்டு. விழித்திரைக்கு அடியில் புரூக் சவ்வு என்று ஒரு மெல்லிய தடுப்பு இருக்கிறது. ஃபேக்டர் ஹெச் பெரிய மூலக்கூறு, அந்தச் சவ்வைத் தாண்டுவது அதற்குக் கஷ்டம். அதே மரபணுவிலிருந்து எஃப்ஹெச்எல்-1 என்று ஒரு குட்டிப் புரதமும் உருவாகிறது. அது தாண்டிப் போகும், நிறமிச் செல்களும் அதைத் தயாரிக்கின்றன. 402ஆம் இடத்து மாற்றம் இரண்டிலும் இருக்கும்.

இந்த ஒரு ஆய்வை வைத்து ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விழித்திரைக்கு அடியில் உள்ள ரத்த நாளப் படலத்தில் ரத்தம் பாய்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்பது தெரிகிறது.

ரத்தத்தில் தடுப்பது: ஜெயித்த இடமும் தோற்ற இடமும்

கையில் ஊசி போடும் வழியைக் குறைத்து எடைபோட முடியாது. பிஎன்எச் என்ற அரிய ரத்த நோயில் அது உயிர் காத்திருக்கிறது. எலும்பு மஜ்ஜையின் மூலச்செல்லில் ஒரு மரபணு பழுதாகி, அதிலிருந்து பிறக்கும் சிவப்பணுக்களின் மேல் சிடி55, சிடி59 என்ற காவலர்கள் ஒட்ட முடியாமல் போகும். காவலில்லாத அணு, காம்ப்ளிமென்ட் நிறைந்த ரத்தத்திலேயே நாளெல்லாம் மிதக்கிறது. உடையாமல் என்ன செய்யும்? காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். ரத்தம் உறைந்து நாளம் அடைக்கும்.

இங்கே தாக்குபவரும் தாக்கப்படுபவரும் ஒரே குழாயில் இருக்கிறார்கள். அதனால் ரத்தத்தில் சி5ஐப் பிடித்து வைக்கும் எகுலிசுமாப் என்ற ஆன்டிபாடி நன்றாக வேலை செய்தது. 2007ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, காம்ப்ளிமென்ட்டைத் தடுப்பதற்கென்றே வந்த முதல் வெற்றி மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளம் வழியாக ஏற்ற வேண்டும். 2018ல் வந்த ராவுலிசுமாப் அதை எட்டு வாரத்துக்கு ஒன்றாக்கியது. அமெரிக்காவில் ஆண்டுச் செலவு பல லட்சம் டாலர் என்பதைப் பெருமூச்சோடு சொல்லிவிட்டு நகர்கிறேன்.

விலை தவிர இன்னொரு கணக்கும் இருக்கிறது. உடம்பு முழுக்க சி5ஐ அடைத்தால், மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமிக்குக் கதவு திறக்கும். இந்த மருந்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தொற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட 1,000 முதல் 2,000 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். போட்ட பின்னும் காய்ச்சல் என்றால் அலட்சியம் கூடாது. கண்ணில் ஒரு திட்டைக் காப்பாற்ற உடம்பின் மொத்தக் காவலையும் தளர்த்துவது நியாயமா என்ற கேள்வி இங்கேயே எழுகிறது.

அதையும் முயன்று பார்த்தார்கள். பெரியம்மாவுக்கு இருக்கும் அதே நோய், பெயர் ஜியாகிரஃபிக் அட்ரோஃபி. வரைபடத்தில் நாட்டு எல்லை போலத் திட்டின் ஓரம் தெளிவாகத் தெரிவதால் அந்தப் பெயர். இந்த நோயாளிகள் 30 பேரை வைத்து எகுலிசுமாப்பை நாளம் வழியாகக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் திட்டு வளரும் வேகம் குறையவில்லை. சின்ன பரிசோதனை, குறுகிய காலம். அது மட்டுமே தீர்ப்பாகாது. ஆனால் கல்லீரல் மாற்று ஆய்வோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், பெரியம்மாவின் 'கையில போட்டா ஆகாதா'வுக்கு என் பதில்: ஆகும் என்று நம்பக் காரணம் எதுவும் கையில் இல்லை.

கோவிட் காலத்திலும் இப்படி நடந்தது. கடும் நிமோனியா நோயாளிகளுக்கு ராவுலிசுமாப் கொடுத்த பெரிய பரிசோதனையைப் பலனில்லை என்று 2021 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். கிருமி தொற்றிய நுரையீரல் செல்களே காம்ப்ளிமென்ட்டைத் தயாரித்துத் தள்ளுகின்றன, அதுவும் செல்லுக்குள்ளேயே வெட்டுப்படுகிறது என்று அதே ஆண்டில் ஓர் ஆய்வு வந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் கோவிட்டில் மருந்துகள் தோற்க நூறு காரணம் இருந்தன. இது அவற்றில் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவுதான்.

ஒரே நோய், இரண்டு ஊற்று

எங்கே தயாராகிறது என்பது சிகிச்சையையே புரட்டிப்போடும் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகத் தெளிவான உதாரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. ஏஎச்யூஎஸ் என்று ஒரு நோய். காம்ப்ளிமென்ட் கட்டுமீறி, சிறுநீரகத்தின் நுண் ரத்த நாளங்களில் கட்டி கட்டியாக ரத்தம் உறையும். சிறுநீரகம் பழுதாகி மாற்று சிகிச்சை வரை போகும்.

மாற்றினால் நோய் திரும்புமா? அது எந்த மரபணு பழுது என்பதைப் பொறுத்தது. ஃபேக்டர் ஹெச் பழுது என்றால், அதைத் தயாரிப்பது கல்லீரல். புதுச் சிறுநீரகம் வைத்தாலும் பழைய கல்லீரல் அதே ஓட்டைக் காவலரைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் பெரும்பாலானவர்களுக்குப் புதுச் சிறுநீரகமும் அதே நோயில் விழுந்தது. மாறாக, பழுது சிடி46ல் என்றால் கதை வேறு. அது செல்லின் மேல் பதிந்திருக்கும் காவலர். புதுச் சிறுநீரகம் தன் காவலரைத் தானே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. இவர்களுக்கு நோய் திரும்புவது அபூர்வம். இருவருக்கும் நோயின் பெயர் ஒன்று, அறிகுறியும் ஒன்று. ஆனால் ஒருவருக்குச் சிறுநீரகம் மட்டும் போதும், இன்னொருவருக்குக் கல்லீரலையும் யோசிக்க வேண்டும்.

யோசித்தார்கள், செய்தும் பார்த்தார்கள். ஃபேக்டர் ஹெச் பழுதான சில குழந்தைகளுக்குக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து வைத்த ஆரம்ப முயற்சிகள் சோகத்தில் முடிந்தன. அறுவைச் சிகிச்சை நேரத்தில் கிளம்பும் காம்ப்ளிமென்ட் வெள்ளம் புதுக் கல்லீரலையே தாக்கியது. அப்புறம், அறுவைக்கு முன் ரத்தநீரை மாற்றி நல்ல ஃபேக்டர் ஹெச் ஏற்றிவிட்டுச் செய்தபோது பலித்தது. 2011ல் எகுலிசுமாப்புக்கு இந்த நோய்க்கும் அனுமதி கிடைத்த பிறகு, கல்லீரலை எடுத்து வைக்கும் அளவுக்குப் போக வேண்டிய அவசியம் மிகவும் குறைந்துவிட்டது. இங்கே ஊற்று கல்லீரல், பாதிப்பு ரத்த நாளத்தின் உள்சுவரில். குழாயை மூடினால் போதும்.

சிறுநீரகத்தில் கிணறும் உண்டு என்பதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. லண்டனில் ஸ்டீவன் சாக்ஸின் குழு 2002ல் எலிகளில் ஒரு சோதனை செய்தது. சி3 தயாரிக்க முடியாத எலியின் சிறுநீரகத்தை எடுத்துச் சாதாரண எலிக்கு வைத்தார்கள். வாங்கிக்கொண்ட எலியின் ரத்தத்தில் சி3 தாராளமாக ஓடுகிறது. சாதாரணச் சிறுநீரகம் என்றால் 14 நாளில் நிராகரிப்பில் போய்விடும். இந்தச் சிறுநீரகங்களோ 100 நாளைத் தாண்டின. வந்து சேர்ந்த உறுப்பு தானே தயாரிக்கும் சி3தான் தன் மேல் நெருப்பை வரவழைக்கிறது என்று ஆயிற்று. முதன்முறை படித்தபோது எனக்குத் தலை சுற்றியது.

மனிதர்களில்? தானம் கொடுத்தவரின் சி3 மரபணு வகையைப் பொறுத்துச் சிறுநீரகத்தின் ஆயுள் மாறுகிறது என்று 2006ல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. 2009ல் இன்னொரு குழு தேடியபோது அப்படி எதுவும் தென்படவில்லை. வைக்கப்போகும் சிறுநீரகத்தை முதலிலேயே மிரோகோசெப்ட் என்ற தடுப்பு மருந்தில் அலசி, செல் சவ்விலேயே மருந்தை ஒட்டவைத்து அனுப்பும் முயற்சியும் இங்கிலாந்தில் நடந்தது. கேட்கவே இதமான யோசனை. கிணற்றுக்கே மூடி போடுவது. ஆனால் கொடுத்த அளவில், மாற்றிய சிறுநீரகம் வேலை தொடங்கத் தாமதமாவதை அது குறைக்கவில்லை. ஊற்று எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாலேயே மருந்து பலித்துவிடும் என்று எண்ணக்கூடாது என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

கல்லீரலிலேயே வாயடைப்பது

இப்போது சிறு ஆர்என்ஏ மருந்துகள் வந்திருக்கின்றன. தோலடியில் ஊசி போட்டால் நேரே கல்லீரல் செல்லுக்குள் போய், குறிப்பிட்ட புரதம் தயாராவதையே நிறுத்தும். சி5க்கு எதிரான செம்டிசிரான் அந்த ரகம். மாதக்கணக்கில் வேலை செய்யும் என்பது பெரிய வசதி. ஆனால் இந்த மருந்தின் முகவரிச் சீட்டில் எழுதியிருப்பது கல்லீரல் மட்டும்தான். கண்ணோ மூளையோ சொந்தமாகத் தயாரித்துக்கொண்டிருந்தால் இதற்கு அது தெரியவே தெரியாது.

பிஎன்எச்சில் இதைத் தனியாகக் கொடுத்தபோது சி5 அளவு வெகுவாக இறங்கியும் சிவப்பணு உடைவது போதுமான அளவு அடங்கவில்லை. மிச்சமிருக்கும் கொஞ்ச சி5யே அந்த நோய்க்குப் போதுமானதாக இருக்கிறது. நரம்பும் தசையும் சேருமிடத்தை ஆன்டிபாடி தாக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் நிலைமை வேறு. அங்கே 2025ல் வந்த மூன்றாம் கட்ட முடிவுகளில் இதே மருந்து தனியாகவே பலன் காட்டியது. பெரியம்மாவின் கண்ணுக்கு இது எனக்குச் சரியான இடமாகத் தெரியவில்லை.

மாத்திரை

மாத்திரையாக வரும் சின்ன மூலக்கூறுகள், ஆன்டிபாடி நுழைய முடியாத சந்துக்குள்ளும் போகும். காம்ப்ளிமென்ட் கூட்டத்தில் இன்னொரு புரதமான ஃபேக்டர் பி-ஐத் தடுக்கும் இப்டாகோபான், நாளுக்கு இரண்டு வேளை. 2023 டிசம்பரில் பிஎன்எச்சுக்கு அனுமதி பெற்றது. சி5ஐத் தடுத்தும் ரத்தசோகை தீராதவர்கள் பலருக்கு ஹீமோகுளோபின் ஏறியது. காரணம், சி5ஐ மட்டும் தடுத்தால் ஓட்டை விழுவது நிற்கும், ஆனால் சி3 துண்டு அணுவின் மேல் ஒட்டுவது நிற்காது. ஒட்டிய அணுவை மண்ணீரலும் கல்லீரலும் தின்றுவிடும். ஃபேக்டர் பி அதற்கும் முந்தைய படி. 2025ல் சி3 குளோமெருலோபதி என்ற சிறுநீரக நோய்க்கும் இந்த மாத்திரை அனுமதி பெற்றது.

எனக்குப் பிடித்த யோசனை அவகோபான். ரத்த நாள அழற்சி நோய் ஒன்றுக்கு 2021ல் அனுமதி பெற்றது. அது காம்ப்ளிமென்ட் புரதம் எதையும் தொடுவதில்லை. சி5 துண்டு வந்து தட்டும் கதவை, அதாவது வெள்ளையணுவின் மேலிருக்கும் ஏற்பியை, அடைக்கிறது. தண்ணீர் குழாயில் வந்தாலென்ன கிணற்றில் வந்தாலென்ன, வாசலில் நின்றுவிடுகிறது. சி5 ஓட்டை போடும் வேலை அப்படியே இருப்பதால் மெனிஞ்சோகாக்கஸ் பயமும் அந்த அளவுக்கு இல்லை.

செல்லுக்குள்ளேயே காம்ப்ளிமென்ட் இருக்கிறது என்பது இன்னும் பெரிய அதிர்ச்சி. டி செல் என்ற வெள்ளையணுவுக்குள் கதெப்சின் எல் என்ற நொதி சி3யை வெட்டுகிறது, அந்தத் துண்டு இல்லாமல் செல் நன்றாக வாழ்வதில்லை என்று 2013ல் காட்டினார்கள். அப்படியானால் ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடி அங்கே எப்படிப் போகும்? போகாது. மாத்திரைக்கு இதில் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இன்று ஒரு நோயாளி முடிவெடுக்க இது உதவாது, அதனால் கடந்து போகிறேன். மூளை விஷயமும் அப்படித்தான். மைக்ரோக்ளியா தயாரிக்கும் சி1கியூ, வளரும் மூளையில் தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரிக்க உதவுகிறது என்று 2007ல் எலிகளில் தெரியவந்தது. அல்சைமர் நோயில் அந்தக் கத்தரி மறுபடி எழுகிறதா என்று ஆராய்கிறார்கள். மருந்து கடையில் இல்லை.

கண்ணுக்குள்: யோசனை சரி, பலன் சின்னது

இனி பெரியம்மாவின் ஊசி. கண்ணுக்குள்ளேயே போடுவது என்று முடிவு செய்த பிறகும் முதல் முயற்சி சறுக்கியது. ஃபேக்டர் டி-ஐத் தடுக்கும் லாம்பலிசுமாப், இரண்டு பெரிய பரிசோதனைகளில் 1,800க்கும் மேற்பட்டோருக்குச் சோதிக்கப்பட்டு 2017ல் தோற்றது. இடம் சரி, ஆள் தவறு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து சி3யைத் தடுக்கும் பெக்செட்டாகோப்லான். 1,258 பேர், இரண்டு பரிசோதனை, இரண்டு ஆண்டு. மாதாமாதம் ஊசி போட்டவர்களுக்குத் திட்டு வளரும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்று போட்டவர்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. 2023 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி. அதே ஆண்டு ஆகஸ்டில் சி5ஐத் தடுக்கும் அவாசின்காப்டாட் பெகாலும் வந்தது. 448 பேரிடம் நடந்த அதன் பரிசோதனையில் ஓராண்டில் 14 சதவீதம் குறைந்தது.

நன்றாகக் கவனிக்க வேண்டியது: திட்டு மெதுவாக வளர்ந்ததே தவிர, அந்தக் காலத்துக்குள் பார்வை அளவில் வித்தியாசம் தெரியவில்லை. போன பார்வை திரும்புவதற்கு இதில் வழியே இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை, நோயாளியின் அன்றாட வாழ்வில் பலன் தெரியவில்லை என்று சொல்லி 2024ல் பெக்செட்டாகோப்லானை மறுத்துவிட்டது. ஒரே தரவைப் பார்த்து அட்லாண்டிக்கின் இரண்டு கரையும் எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கின்றன. எனக்கு இரண்டு தரப்பும் புரிகிறது. பெரியம்மாவைப் போல ஒரு கண் போய், மறு கண்ணின் நடுப்புள்ளிக்கு அருகில் திட்டு நிற்கும் ஒருவருக்கு, சில மாதத் தாமதம் என்பது சும்மா விஷயமில்லை.

இழப்புக் கணக்கும் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் ஈர வகை மாக்குலா நோய், அதாவது புது ரத்த நாளம் முளைத்துக் கசிவது, மாதாமாதம் போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்று போட்டவர்களில் 7, ஊசி போடாதவர்களில் 3. வந்தால் அதற்குத் தனி ஊசி. மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு, விழித்திரை ரத்த நாளங்கள் வீங்கிப் பார்வையே பறிபோன சில நிகழ்வுகளையும் 2023ல் அமெரிக்க விழித்திரை மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தெரிவித்தது. மிக அபூர்வம். ஆனால் நல்ல கண் ஒன்றே ஒன்று இருப்பவரிடம் 'அபூர்வம்' என்ற சொல்லைக் கவனமாகத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கண்ணூசி பலித்ததாலேயே கிணற்று வாதம் நிரூபணமாகிவிட்டதா என்றால், இல்லை. கண்ணுக்குள் போட்ட மருந்து ரத்தத்திலிருந்து கசிந்து வந்த சி3யையும் சேர்த்துத்தான் பிடிக்கும். உள்ளூர்ச் சரக்கு எவ்வளவு, வந்த சரக்கு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது.

பெரியம்மாவின் முடிவு

நான் அக்காவிடம் சொன்னது இது. கையில் போடும் ஆன்டிபாடியை மறந்துவிடலாம். பலிக்கும் என்பதற்கு ஆதாரமில்லை, தொற்று ஆபத்து மட்டும் நிச்சயம். கல்லீரலை அடைக்கும் ஊசிக்கும் அதே பதில். மாத்திரை இந்த நோய்க்கு இன்று கிடையாது. மிச்சம் இருப்பது கண்ணூசி அல்லது சும்மா இருப்பது. வலது கண்ணில் காப்பாற்ற நடு இல்லை, அதை விட்டுவிடலாம். இடது கண்ணுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கு எனக்கு நியாயமாகத் தெரிகிறது: பலனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஈர வகை வரும் ஆபத்தில் நிறைய மிச்சம் பிடிக்கலாம், குத்தும் எண்ணிக்கையும் பாதி. திட்டு நடுப்புள்ளியைத் தாண்டிவிட்டால் நிறுத்துவதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். கட்டம் போட்ட தாளை தினமும் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ கண் சிவந்து வலித்தாலோ அன்றைக்கே போன். அவர் ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் விட்டமின் கலவையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். அதுவும் நடுப்புள்ளியை நோக்கித் திட்டு நகர்வதை மெதுவாக்குகிறது என்று பழைய பரிசோதனைத் தரவை மறுபடி அலசி 2024ல் எழுதியிருந்தார்கள்.

இதற்கு நடுவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இம்யூனிட்டியைக் கூட்டும் கஷாயக் குறிப்பு அனுப்பியிருந்தார். இந்த வீட்டில் பிரச்சினையே இம்யூனிட்டி கூடிப்போனதுதான் என்று டைப் செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

போன வாரம் பெரியம்மாவே பேசினார். மருத்துவரிடம் போய்க் கேள்வியெல்லாம் கேட்டு முடித்துவிட்டார்களாம்.

"இடது கண்ணுக்கு மட்டும், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டேன். வலதை விட்டுடுங்கோ, அது ரிட்டயர் ஆயிடுச்சுன்னேன், டாக்டர் சிரிச்சார்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஏன்டா, கிணத்துக்கு மூடி போட்டா ஊத்து நின்னுடுமா?"

"நிக்காது பெரியம்மா. கொஞ்சம் மெதுவா ஊறும்."

"சரி, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை அக்காவிடம் கொடுத்தார்.